பழைய மாணவர் சங்கமும் பேனரில் இல்லாத பெண்களும்

ரொம்ப நாளா மனசுல போட்டுப் புழுங்கிக்கிட்டு இருந்த விஷயம் இது. இன்னிக்கு எழுதியே தீர்றதுன்னு உக்காந்தாச்சு. படிச்சுட்டு நாலு பேர் அடிக்க வருவாங்கன்னு தெரியும். வாங்க, பாத்துக்கலாம்.

எங்க ஊர் கோட்டக்குப்பம். புதுச்சேரி முத்தியால்பேட்டையைத் தாண்டி ஒரு எட்டு வெச்சா வந்துடும். அந்த ஒரு எட்டுல மாநிலமே மாறிடும். அந்தப் பக்கம் யூனியன் பிரதேசம், இந்தப் பக்கம் விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். பேரூராட்சியா இருந்த ஊர் 2021ல் நகராட்சி ஆச்சு. வளைகுடாவுலயும் பிரான்ஸுலயும் சொந்தக்காரங்க இருக்கற குடும்பங்கள் நிறைய.

பொங்கல் லீவு, பெருநாள் லீவு, மே மாசம். இந்த மூணு சீசன்ல கிழக்குக் கடற்கரைச் சாலையில கோட்டக்குப்பத்துலேர்ந்து மரக்காணம் உப்பளம் வரைக்கும் வண்டியில போய்ப் பாருங்க. வழியில ஒரே மாதிரி பேனரா கண்ணுல படும். 'அரசுப் பள்ளி முன்னாள் மாணவர்கள் சந்திப்பு', '25 ஆண்டுகளுக்குப் பின் ஒன்று கூடுகிறோம்', 'மலரும் நினைவுகள்'. கீழே முப்பது நாப்பது பாஸ்போர்ட் சைஸ் தலைகள். எல்லாத் தலையிலயும் கறுப்புச் சாயம் (தலைன்னு ஒண்ணு மிச்சம் இருக்கறவங்களுக்கு).

நிகழ்ச்சி நிரலும் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான். காலையில பள்ளிக்கூட வாசல்ல குரூப் போட்டோ. ரிட்டயர் ஆன வாத்தியாருக்கு சால்வை. 'நீங்க அடிச்ச அடிதான் சார் எங்களை ஆளாக்கிச்சு'ன்னு ஒருத்தர் தழுதழுப்பார். மத்தியானம் பிரியாணி. சாயங்காலம் போறதுக்கு முன்னாடி பள்ளிக்கு ஒரு பீரோவோ, தண்ணி சுத்திகரிக்கற மெஷினோ, ஒரு பெரிய டிவியோ கொடுத்து, அது மேல 'உபயம்: இந்த வருட பேட்ச்'னு கொட்டை எழுத்துல எழுதிட்டு வண்டி ஏறிடுவாங்க.

நான் படிச்சதும் இந்தக் கடலோரத்துல இருக்கற ஒரு அரசுப் பள்ளிதான். ஆணும் பெண்ணும் சேர்ந்து படிச்ச பள்ளி. பேர் வேண்டாம். ஏன்னா இது ஒரு பள்ளியோட கதை இல்லை. தமிழ்நாட்டுல இருக்கற 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள்ல எதைப் பேர் மாத்திப் போட்டாலும் பெரும்பாலும் பொருந்திடும்.

இப்போ மேட்டருக்கு வர்றேன். அந்த பேனரை இன்னொரு தடவை பாருங்க மக்களே. ஒண்ணு குறையுது, தெரியுதா?

பெண்கள்.

இருபாலர் பள்ளி. வகுப்புல பாதிக்குப் பாதி பொண்ணுங்க. அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர்ல நமக்கு அடுத்த பக்கத்துல அவங்க பேர்தான் இருந்துச்சு. பரீட்சையில பெரும்பாலும் நம்மைவிட நல்ல மார்க் எடுத்தவங்க. பேனர்ல மட்டும் அத்தனை பேரும் காணாமப் போயிட்டாங்க. மிஞ்சி மிஞ்சிப் போனா ரெண்டு பேர் இருப்பாங்க. அந்த ரெண்டு பேரும் டீச்சராவோ நர்ஸாவோ வேலையில இருக்கறவங்க.

எங்க பேட்ச் சந்திப்புக்கு ஏற்பாடு பண்ணின கூட்டாளிகிட்ட இதைக் கேட்டேன். 'அவங்கல்லாம் கல்யாணம் ஆகிப் போயிட்டாங்கப்பா, நம்பர் கிடைக்கல'ன்னான். துபாய்ல இருக்கறவன் நம்பர் கிடைச்சுது. பாரீஸ்ல இருக்கறவன் நம்பர் கிடைச்சுது. ரெண்டு தெரு தள்ளி இருக்கற, தினமும் காலையில நம்ம பள்ளிக்கூட கேட் வரைக்கும் பிள்ளையைக் கொண்டுவந்து விடற பொண்ணோட நம்பர் மட்டும் கிடைக்கல. நம்பச் சொல்றீங்களா?

அடுத்த சாக்கு, 'வீட்ல விட மாட்டாங்க'. விடுவாங்களா மாட்டாங்களான்னு யாராவது போய்க் கேட்டீங்களா? கேக்காமலே பதில் எழுதிக்கிட்டா எப்படி?

நான் சொல்ல வர்றது இதுதான்: அரசுப் பள்ளியோட அசல் முன்னாள் மாணவர் யாருன்னா, அதே பள்ளியில படிச்சு, இன்னிக்கு அதே பள்ளிக்கு பிள்ளையை அனுப்பிக்கிட்டு இருக்கற அந்த அம்மாதான். பிள்ளையைப் புதுச்சேரியில இருக்கற தனியார் பள்ளி வேன்ல ஏத்தி அனுப்பிட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை வந்து கண்ணீர் விட்டுட்டுப் போற நாம இல்லை.

கோபம் வருதா? இருங்க, இன்னும் இருக்கு.

பத்தாவது வரைக்கும் என்கூடப் படிச்ச ஒரு பொண்ணு, இப்போ ரெண்டு பிள்ளைங்களுக்கு அம்மா. ரெண்டும் அரசுப் பள்ளியிலதான். கடைத்தெருவுல பார்த்தப்போ, 'நம்ம பேட்ச் சார்பா பள்ளிக்கு ஏதாச்சும் செய்யலாம்னு பேசிக்கிட்டு இருக்காங்க, என்ன வேணும்?'னு கேட்டேன். அவங்க யோசிக்கவே இல்லை. 'இன்னா கேக்கற நீ? பொம்பளப் புள்ளைங்க கக்கூஸ் கழுவ ஒரு ஆளு போட்டு, மாசா மாசம் சம்பளம் குடுக்கச் சொல்லு. அது போதும். நாங்களும் அதே கிளாசுதான, எங்கள யாரு கூப்டது?'ன்னுட்டு நடையைக் கட்டினாங்க.

இதை அப்படியே குரூப்ல போட்டேன். கொஞ்ச நேரம் ஒரே அமைதி. அப்புறம் ஒருத்தர், 'கக்கூஸுக்கெல்லாம் எப்படிங்க பேர் எழுதறது?'ன்னு கேட்டாரு. ஜோக்குக்குத்தான் கேட்டாரு. ஆனா கடைசியில நடந்தது என்னன்னா, வாசல்ல கிரானைட் கல்வெட்டோட ஒரு வளைவு வைக்கறதுன்னு முடிவாச்சு.

வளைவுல பேர் எழுதலாம் பாருங்க.

பள்ளிக்கூடத்துல கழிப்பறை ஒண்ணும் சலுகை இல்லை சாமி. எல்லாப் பள்ளியிலயும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை ஆறு மாசத்துக்குள்ள இருக்கணும்னு உச்ச நீதிமன்றம் 2012 அக்டோபர்லயே உத்தரவு போட்டாச்சு. வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் கொடுக்கற 'புதுயுகம்' திட்டத்தை தமிழக அரசு 2011-12லயே ஆரம்பிச்சாச்சு. கட்டடம் இருக்கும். நாப்கினும் வரும். தண்ணி வருதா, கதவுல தாழ்ப்பாள் இருக்கா, தினமும் கழுவ ஆள் இருக்கான்னு கேட்டாத்தான் விஷயம் தெரியும். அதைக் கேக்கத் தெரிஞ்சவங்க அந்த பேனர்ல இல்லாத பெண்கள். எட்டாவது படிக்கறப்போ மூணு நாள் லீவு போட்டது ஏன்னு அவங்களுக்குத்தான் தெரியும். பக்கத்து பெஞ்சுல உக்காந்திருந்த நமக்கு அன்னிக்கும் தெரியாது, இன்னிக்கும் தெரியாது.

'அவங்க பேச்சை எடுத்துச் சொல்ல ஒரு அமைப்பு வேணுமே'ன்னு நினைப்பீங்க. அமைப்பு ஏற்கனவே இருக்கு, சட்டப்படியே இருக்கு. 2009ல் வந்து 2010 ஏப்ரல் 1லேர்ந்து நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தோட 21வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, அரசுப் பள்ளிகள்ல பள்ளி மேலாண்மைக் குழு இருக்கணும், அதுல நாலுல மூணு பங்கு பெற்றோர், மொத்தத்துல பாதிப் பேர் பெண்கள். பள்ளி ஒழுங்கா நடக்குதான்னு பாக்கறது, வளர்ச்சித் திட்டம் போடறது, வர்ற பணம் சரியா செலவாகுதான்னு கவனிக்கறது எல்லாம் இவங்க வேலை. தமிழ்நாட்டுல 2022ல் இந்தக் குழுக்களுக்கு உயிர் கொடுத்தாங்க. 2024ல் திரும்ப அமைச்சப்போ முன்னாள் மாணவர்களுக்கும் அதுல இடம் ஒதுக்கினாங்க.

அதாவது நமக்கு நாற்காலி போட்டு வெச்சிருக்காங்க. நாம பேனர் கட்ட கம்பம் தேடிக்கிட்டு இருக்கோம்.

அந்தக் கூட்டத்துக்கு வேலை நாள்ல யார் போறாங்க? மீன் விக்கற அம்மா, நூறு நாள் வேலைக்குப் போற அம்மா, மரக்காணம் பக்கம்னா விடியறதுக்கு முன்னாடியே உப்பளத்துல இறங்கி வேலை பாத்துட்டு வர்ற அம்மா. கூலியை விட்டுட்டுப் போய் உக்காந்து கையெழுத்துப் போடறாங்க. அவங்க தனியா 'கணக்கு வாத்தியார் ஏன் இல்லை?'ன்னு கேட்டா, மேல இருக்கற அதிகாரிக்குக் காது கேக்காது. கூடவே ஒரு எஞ்சினியர், ஒரு வக்கீல், ஒரு கடை முதலாளின்னு நாலு முன்னாள் மாணவர்கள் உக்காந்து கேட்டா உடனே கேக்கும். இதுதான் நம்ம நாட்டு நடைமுறை, சந்தோஷமா இல்லைன்னாலும் நிஜம். அந்தக் காதைத் திறக்கறதுக்கு நாம வேணும். அதுக்கு பீரோ தேவையில்லை.

வாத்தியார் விஷயத்துக்கு வருவோம். 2022ல் தமிழக அரசே வெளியிட்ட கணக்கு இது: அரசுப் பள்ளிகள்ல காலியா இருந்த 13,331 ஆசிரியர் இடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலமா தற்காலிகமா நிரப்பச் சொன்னாங்க. சம்பளம்? இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000. பிளஸ் டூ பிள்ளைக்கு இயற்பியல் எடுக்கற எம்.எஸ்ஸி., பி.எட். படிச்ச மனுஷருக்கு மாசம் பன்னிரண்டாயிரம்! ஊர்ல ஒரு நாள் சந்திப்புக்கு ஆகற பந்தல், சாப்பாடு, பேனர் செலவைக் கூட்டிப் பாருங்க. நான் ஒண்ணும் சொல்லல.

வாத்தியார் இல்லாத வகுப்புல நாம கொடுத்த 65 இஞ்ச் டிவி சுவத்துல தொங்கிக்கிட்டு இருக்கும். உறையைக்கூடப் பிரிச்சிருக்க மாட்டாங்க.

இந்த இடத்துல சில பேர், 'அப்போ கொடுக்கறதே தப்பா? ஊர் கூடி பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கறது நம்ம மரபுதானே?'ன்னு கேப்பாங்க. நல்ல கேள்வி. மரபுதான், மறுக்கல. 1956ல் காமராஜர் மதிய உணவைக் கொண்டுவந்தப்போ பொதுமக்கள் பங்களிப்போடதான் அது நடந்துச்சு. 1958லேர்ந்து பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊரா நடத்தின பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள்ல ஜனங்க நிலம் கொடுத்தாங்க, கட்டடம் கட்டிக் கொடுத்தாங்க, பெஞ்சு, கடிகாரம், குடம்னு கையில இருந்ததைக் கொடுத்தாங்க.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. அன்னிக்கு பெஞ்சு கொடுத்தவர் வீட்டுப் பிள்ளை அந்த பெஞ்சுலதான் உக்காந்துச்சு. பெஞ்சு ஆடினா மறுநாளே அவருக்குத் தெரியும். இன்னிக்கு நாம கொடுக்கற தண்ணி மெஷின் ரிப்பேர் ஆனா நமக்கு எப்படித் தெரியும்? நம்ம பிள்ளைதான் அதுல தண்ணி குடிக்கறதில்லையே! அடுத்த சந்திப்புக்கு வர்றப்போ 'அட, இது ஓடலையா?'ன்னு ஆச்சரியப்படுவோம், அவ்வளவுதான்.

இன்னொரு உதாரணம் சொல்வாங்க. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல். நம்ம விழுப்புரத்துக்காரர், ரயில்வே பள்ளியில படிச்சவர். 2023 அக்டோபர்ல தமிழக அரசு கொடுத்த 25 லட்ச ரூபாய் பரிசு முழுசையும், தான் படிச்ச கல்வி நிறுவனங்களுக்கே கொடுத்துட்டார். எந்திரிச்சு நின்னு கும்பிடணும். ஆனா அவரைக் காட்டி நாம தப்பிக்க முடியாது. அவர் தனக்கு வந்த பரிசைக் கொடுத்தார். அரசாங்கம் போட வேண்டிய வாத்தியாரை யாரும் பரிசுப் பணத்துல போட முடியாது. 2022 டிசம்பர்ல முதல்வர் ஸ்டாலின் தொடங்கி வைச்ச 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்துக்கும் இதேதான். கம்பெனிகளும் வெளிநாட்டுத் தமிழர்களும் பணம் போடட்டும், நல்லது. ஆனா பள்ளிக்கல்வித் துறைக்கு 2025-26 பட்ஜெட்ல ஒதுக்கினது 46,767 கோடி. உண்டியல் குலுக்கி நிரப்பற சைஸ் இல்லை இது. அந்தக் கோடிகள்ல நம்ம ஊர்ப் பள்ளிக்கு வரவேண்டியது வந்துச்சான்னு கேக்கறதுதான் முன்னாள் மாணவன் வேலை.

அடுத்து, சந்திப்புல தவறாம ஒலிக்கற டயலாக்: 'நாம படிச்ச காலத்துல பள்ளிக்கூடம் நல்லா இருந்துச்சுப்பா, இப்போ தரம் போயிடுச்சு, அதான் பிள்ளைங்களை அங்கே சேர்க்கல'. இதைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். நாம படிச்ச காலத்துல ஏன் நல்லா இருந்துச்சு? மேற்கூரை ஒழுகினது நமக்கு மறந்துபோச்சா? நல்லா இருந்ததுக்குக் காரணம், வாத்தியார் மகனும், பஞ்சாயத்துத் தலைவர் மகளும், மளிகைக்கடை பாய் பேரனும், மீனவர் பிள்ளையும் ஒரே தரையில உக்காந்து படிச்சாங்க. வாத்தியார் ரெண்டு நாள் வரலைன்னா மூணாவது நாள் தலைவர் வந்து ஹெட்மாஸ்டர் ரூம்ல நிப்பார். கேள்வி கேக்கத் தெரிஞ்ச குடும்பங்கள் ஒவ்வொண்ணா பிள்ளையைக் கழட்டிக்கிட்டுப் போச்சு. கேள்வி நின்னுச்சு. தரம் போயி நாம வெளியேறினோமா, நாம வெளியேறித் தரம் போச்சா? ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சங்கிலிதான். ஆனா முதல் பாதியை மட்டும் சொல்லிட்டு ரெண்டாவது பாதியை முழுங்கறோம்.

2015 ஆகஸ்ட்ல அலகாபாத் உயர் நீதிமன்றம் இதைப் பச்சையா சொல்லிச்சு: உத்தரப்பிரதேச அரசுச் சம்பளம் வாங்கற அதிகாரிங்க பிள்ளைங்க அரசுத் தொடக்கப் பள்ளியிலதான் படிக்கணும்னு. 2011ல் ஈரோடு கலெக்டரா இருந்த ஆனந்தகுமார் தன் மகளை குமலன்குட்டை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில சேர்த்தப்போ அது பெரிய செய்தியா ஓடிச்சு. அது செய்தியா ஆனதுதான் நம்ம கேவலம்.

எங்க ஊர்ல இதுக்கு ஒரு கூடுதல் சிக்கல் இருக்கு. ஒரு எட்டுல மாநிலம் மாறுது இல்லையா? அந்தப் பக்கம் 2023-24ல் புதுச்சேரி அரசுப் பள்ளிகளே சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிடுச்சு. இந்தப் பக்கம் சமச்சீர். எல்லையைத் தாண்டிப் படிக்கப் போற பிள்ளைங்களோட பெத்தவங்க ஒண்ணைக் கணக்குல எடுத்துக்கிட்டாங்களான்னு தெரியல. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில ஆறாவதுலேர்ந்து பன்னிரண்டாவது வரைக்கும் படிச்ச பிள்ளைக்கு மருத்துவப் படிப்புல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ல் சட்டமாச்சு. 2021ல் பொறியியல், வேளாண்மை, சட்டம், கால்நடை மருத்துவம், மீன்வளம்னு விரிஞ்சுது. 2022 செப்டம்பர்ல வந்த புதுமைப் பெண் திட்டத்துல கல்லூரிக்குப் போற பொண்ணுக்கு மாசம் ஆயிரம் ரூபாய். 2024 ஆகஸ்ட்ல பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். இதையெல்லாம் அந்தந்தத் தெருவுல எடுத்துச் சொல்றது யார்? வாத்தியார் மட்டுமா? சங்கம்னு ஒண்ணு இருந்தா அது செய்ய வேண்டிய வேலை இது.

எல்லாரும் பிள்ளையைக் கொண்டுபோய் அரசுப் பள்ளியில சேருங்கன்னு நான் உத்தரவு போடல. அது அவங்கவங்க குடும்பம், அவங்கவங்க பயம். ஆனா சேர்க்காதவங்க சேர்த்தவங்களுக்குப் பின்னாடி நில்லுங்க. முன்னாடி வந்து ரிப்பன் வெட்டாதீங்க.

திட்டிட்டு மட்டும் போறான்னு சொல்லக் கூடாதுன்னு, கையில இருக்கற நாலு யோசனை:

1. குரூப்ல முதல்ல வகுப்புப் பெண்களைச் சேருங்க. நம்பர் பள்ளிக்கூட கேட்லயே கிடைக்கும். குரூப்புக்கு ஒரு அட்மின் அவங்கள்ல ஒருத்தரா இருக்கட்டும். காலை வணக்கப் படங்களும் கண்றாவி ஜோக்குகளும் தானா குறையும்.

2. சந்திப்பைப் பள்ளி மேலாண்மைக் குழு கூடற நாள்ல வைங்க. மண்டபம் வேண்டாம், வகுப்பறை போதும். முதல் ஒரு மணி நேரம் அவங்க பேசட்டும், நாம கேக்கலாம்.

3. எதையும் வாங்கறதுக்கு முன்னாடி குழுவோட தீர்மான நோட்டைப் பாருங்க. அதுல இல்லாத பொருளை வாங்காதீங்க. வளைவு எந்தத் தீர்மானத்துலயும் இருக்காதுன்னு பந்தயம் கட்டறேன்.

4. அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் இடம் எத்தனை, காலி எத்தனைன்னு தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு. பத்து ரூபாய் செலவு. பதிலைப் பெரிசா பிரிண்ட் எடுத்துக் குழு அம்மாக்கள் கையில கொடுங்க. மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அவங்ககூடப் போங்க. பேசறது அவங்களா இருக்கட்டும்.

இதுக்கெல்லாம் நேரம் இல்லைன்னா தப்பில்லை. பிரியாணி சாப்பிட்டு சந்தோஷமா இருங்க, பழைய நண்பர்களைப் பாக்கறது நல்ல விஷயம்தான். 'பள்ளிக்குச் செய்த நன்றிக்கடன்'னு மட்டும் பேனர்ல போடாதீங்க. அந்தக் கடனை மாசா மாசம் கூலி இழந்து கட்டிக்கிட்டு இருக்கறவங்க வேற.

டிஸ்கி 1: இதைப் படிச்சுட்டு 'எங்க பேட்ச் அப்படி இல்லை'ன்னு சொல்லப் போற மக்களே, உங்க கடைசி குரூப் போட்டோவை எடுத்துப் பெண்களை எண்ணிப் பாத்துட்டு அப்புறம் வாங்க. எண்ணிக்கை நல்லா இருந்தா நிஜமாவே சந்தோஷம். எப்படிச் சாதிச்சீங்கன்னு பதிவா போடுங்க, எங்க ஊருக்கு உபயோகப்படும்.

டிஸ்கி 2: வளைவு இன்னும் கட்டி முடிக்கல. கொத்தனாருக்கு அட்வான்ஸ் மட்டும்தான் போயிருக்கு. இதைப் படிக்கற எங்க பேட்ச் ஆளுங்களுக்கு இது உள்குத்து இல்லை, நேர்குத்து.